கட்டிப்போட்ட செம்பு

தெருவில் அவளுக்குக் கம்பியம்மா என்று பெயர். எருக்குவியலுக்குள் ஆள் உயர இரும்புக் கம்பியைச் செருகி, உருவி, சூடு தொட்டுப் பார்ப்பாள். "நல்லா வேகுது" என்பாள், இல்லாவிட்டால் "தூங்கிடுச்சு, கிளறணும்" என்பாள். கம்பி நீட்டி ஓடுகிற வித்தை மட்டும் அவளுக்குத் தெரியாது. பன்றிக் கொட்டகை புருஷன் பொறுப்பு. அங்கே விழுகிற சாணம் முழுக்க இருபது வருஷமாக இவள் ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்தின் பெரிய வாடிக்கையாளரான நாற்றுப்பண்ணைக்காரர் ஒருநாள் ஆய்வுக்கூடத்துத் தாளோடு வந்து நின்றார். அவருடைய கீரை நாற்றெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. எருவில் செம்பும் துத்தநாகமும், வேர் உறிஞ்சுகிற மாதிரி கரைந்து கிடக்கிறதாம்.

"அடுத்த குவியலும் இப்படின்னா வேற இடம் பாத்துக்கிறேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்: இன்னும் மூன்று மாதம் மக்கவிட்டாள். குவியல் பாதியானது. மறுபடி சோதித்தால் எண் ஏறியிருந்தது.

ஆய்வுக்கூடத்துப் பெண் சொன்னாள்: "சர்க்கரை போட்ட பாலைச் சுண்டக் காய்ச்சினா தண்ணிதான்க்கா போகும். சர்க்கரை எங்க போகும்?"

"அப்போ செம்பை எப்படி வெளிய எடுக்குறது?"

"எடுக்க முடியாது. கரையாமப் பிடிச்சு வைக்கலாம். கரித்தூளும் களிமண்ணும் முதல் நாளே கலந்துடுங்க. மக்க மக்க அதுல ஒட்டிக்கும்."

வீட்டில் புருஷன் கேட்டான்: "இத்தனை பன்னி தின்ன செம்பை உன் கரி பிடிச்சிடுமா?"

"முதல்ல உங்க கையைப் பிடிக்கணும். வளந்த பன்னிக்கு எதுக்குக் குட்டிக்குப் போடுற செம்பு கலந்த தாதுப்பொடி?"

கொழுந்தன் ஒரு வண்டி கரி கொண்டுவந்து இறக்கினான். அவள் ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுரண்டினாள். ஓரத்தில் நீலம் தெரிந்தது.

"இது எந்த வீட்டு ஜன்னல்?"

"கரின்னா கரிதானே அண்ணி."

"பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும்டா. திருடனைப் பிடிக்கத் திருடனையே காவலுக்கு வெக்கிறியா?"

வண்டி வந்த வழியே திரும்பியது. கழித்துப்போட்ட மரக்கிளைகளைத் தானே மூட்டம் போட்டுச் சுட்டு, இடித்து, சலித்தாள். முழங்கை வரை கறுப்பு. "பன்னிச் சாணிக்குக் கண்மை தீட்டுற ஒரே ஆளு எங்க அண்ணிதான்" என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரே நாளில் இரண்டு குவியல் போட்டாள். ஒன்றில் கரியும் களிமண்ணும், மற்றதில் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே கம்பி, ஒரே கிளறல். மக்கி முடிந்ததும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பை சோதனைக்குப் போனது.

நாற்றுப்பண்ணைக்காரர் தாளைப் பிரித்துப் படித்தார்: "மொத்தச் செம்பு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா கரைஞ்சு வர்றது, கரி போட்டதுல மூணுல ஒரு பங்குதாம்மா."

"அப்போ செம்பு போகலையா?" என்றான் புருஷன்.

"எங்கயும் போகலை. உள்ளயே கட்டிப்போட்டிருக்கேன்."

"கரிக் குவியல் மொத்தமும் எனக்கு" என்றார் நாற்றுப்பண்ணைக்காரர்.

கம்பியம்மா சிரிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஓரமாக நின்ற கொழுந்தனைப் பார்த்தாள்.

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க."

"புரியலையாம்மா?"

"எனக்குப் புரிஞ்சுது. இவனுக்குக் காது மந்தம். கொஞ்சம் சத்தமா."

அவர் சத்தமாகப் படித்தார். முடிப்பதற்குள் கொழுந்தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எருவை ஏற்றப் போய்விட்டான். முகத்தைக் காட்டவில்லை; முதுகு மட்டும் சிரிப்பில் குலுங்கியது.