ட்ரையரின் எர்த் வயர்

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த கொழுந்தைக் காய வைக்கும் ட்ரையருக்குப் புதிய கன்ட்ரோல் பெட்டி பொருத்தினேன். உள்ளே பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் பச்சை-மஞ்சள் எர்த் வயரை இறுக்கி முறுக்கினேன். வெளியே ஈர மண்ணில் அடித்த செப்புக் கம்பியோடு அதைச் சேர்த்தேன். எங்கே மின்சாரம் கசிந்தாலும் மண்ணுக்குள் இறங்கும், ட்ரிப் சுவிட்ச் விழும், ஆள் தப்பிப்பார். அன்றைக்கு என்மேல் எனக்கே கொஞ்சம் கர்வம்.

ஒரு வாரம் கழித்து வேலையைப் பார்த்துவரப் போனேன். எர்த் வயர் கழன்று தொங்கியது. பெட்டியின் தகரத்தில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. அந்த ட்ரிப் சுவிட்ச் இயந்திரத்துக்கானது, ஓர் ஆளைக் கொல்லப் போதுமான சின்னக் கசிவுக்கெல்லாம் விழாது. இனி பெட்டியைத் தொடுகிறவர்தான் எர்த். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எந்த மடையன் இதக் கழட்டுனது?"

ட்ரையருக்குக் கொழுந்து போடும் அக்கா முன்னால் வந்தார். காலடியில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் நின்றுதான் வேலை செய்துகொண்டிருந்தார்.

"நான்தான் தம்பி. பனி எறங்குனா மோட்டாரு ஈரமாயிருது, ஒங்க சுவிட்சு விழுந்துருது. இந்த வயரக் கழட்டிட்டா விழ மாட்டேங்குது. ட்ரையரு நின்னா உள்ள கெடக்குற கொழுந்து கருகிப்போகுது. ரெண்டு தடவ ஆயிருச்சு. இன்னொரு தடவ கருகுனா கொழுந்து எடுக்க மலைக்குப் போன்னு டீ மேக்கர் சொல்லிட்டாரு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நா எப்புடி மலை ஏறுவேன்?"

மோட்டாரைக் கழற்றி, மாத்தளைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். ஒரு வாரம் போதும். தொழிற்சாலையை நடத்தும் டீ மேக்கரிடம் சொன்னேன். "கொழுந்து வந்து குவியுது. இப்ப ட்ரையர நிப்பாட்ட முடியாது" என்றார். தோட்டத்து மேலாளரான துரைக்கு எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை.

வேலை முடிந்து ட்ரையர் ஆறியபின், மெயினை இறக்கிவிட்டு வயரை மறுபடி முறுக்கினேன். வேறு என்ன செய்ய? உயிர் போவதைவிட வேலை போவது மேல் என்று அக்காவிடம் சொன்னேன். எனக்கென்ன, என் முட்டி நன்றாகத்தானே இருக்கிறது. அவர் காலடிச் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி வெளியே நடந்தார்.

அடுத்த மாதம் போனபோது அக்கா அங்கே இல்லை. மறுபடியும் ஒரு முறை கருகியதாம், மலைக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் இடத்தில் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண். மோட்டார் அதே மோட்டார். பெட்டியைத் திறந்தேன். வயர் கழன்றிருந்தது.

இந்தத் தடவை கத்தவில்லை. "யாரும்மா கழட்டுனது?" என்று கேட்டேன்.

"நான்தாங்க. மலைக்குப் போறதுக்கு முந்தி அக்காதான் சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க."