இல்லாத நாட்டுப் பூனை

செல்லப்பிராணிக் கடை நடத்துகிறவர்கள் கடியையும் தாங்க வேண்டும், கேள்வியையும் தாங்க வேண்டும். தென்காசியில் கடை போட்ட நாளிலிருந்து நான் கடிபட்டது குறைவு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் கடைப் பிராணிகளின் பெயர்களில் பாதி, இன்றைய உலகப் படத்தில் இல்லாத நாடுகள். நாடுகள் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டன, ஆங்கிலத்தில் பூனைக்கும் மீனுக்கும் பழைய பெயரே நின்றுவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்.

நீல மீன்

இலத்தூரிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவள். அப்படிப் படிக்கிறவர்கள் கடைக்குள் நுழைந்தாலே கேள்வியும் கூட வரும். கண்ணாடி ஜாடியில் இருந்த நீல மீனுக்கு மேலே ‘சியாமீஸ் ஃபைட்டர்’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். “சியாம்ங்கிறது தாய்லாந்தோட பழைய பேருல்லா?” என்றாள் மகள். படித்த பிள்ளையோடு ஒத்துப்போனால் வியாபாரம் நடக்கும் என்ற ஆசையில், ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஜாடியை விரலால் தட்டிப் பார்த்தார். மீன் வாலை விரித்துச் சிலிர்த்தது. அதிலும் அவருக்குத் திருப்தியில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்தபடியே சொன்னார்: “நாட்டுக்கே பேரு மாறிப்போச்சாம். அப்போ இந்த மீனு எத்தன வருசமா இங்கன கிடக்குதோ, நீ வாட்டி.”

ஏட்டையா விசாரணை

என் கடை இருக்கும் கட்டிடம் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையா ஒருவருக்குச் சொந்தம். குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். பேத்தி ஆசைப்பட்டாள் என்று வெள்ளை வெளேரென்று ஒரு பெர்சியன் பூனையை என்னிடம்தான் வாங்கினார். மறுநாளே திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெர்சியா என்று ஒரு நாடே இப்போது கிடையாதாம், செல்போனில் பார்த்துவிட்டாராம். ஈரானின் பழைய பெயர்தான் அது, பூனை பிறந்ததோ புனலூரில் என்று உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் போலீஸ்காரர்களுக்குச் சந்தேகம் கூடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“தில்லுமுல்லு ஏதும் இருந்துச்சுன்னா கடைய காலி பண்ணிரணும்மா” என்றார். கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “பார்டர் கடையில போயி சிலோன் பரோட்டா திங்கியளே அண்ணாச்சி, சிலோன்னு நாடு இருக்கான்னு அங்கன கேட்டியளா?” என்றேன். அவர் அசையவில்லை. “அது தின்னா தீந்துபோச்சு. இது வீட்டுல கிடந்து தின்னும்லா?”

எனக்கும் வந்த சந்தேகம்

அவர் போனதும் அந்தச் சந்தேகம் என்னைத் தொற்றிக்கொண்டது. எனக்குப் பூனை தருகிறவர் செங்கோட்டையைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இருக்கும் மலையாளி. போனில் கூப்பிட்டு, இது நிஜமாகவே பெர்சியன்தானா, தாய் எது, தகப்பன் எது என்று ஏட்டையா மாதிரியே குடைந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல. மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சேச்சீ, மூக்கு சப்பையா இருக்கா, முடி கூடுதலா இருக்கா, அது பெர்ஷியன். அவ்வளவேயுள்ளூ.”

சாரல் வைத்தியம்

சாரல் காலம் தொடங்கியது. ஏட்டையா வீட்டுப் பூனை தும்மியது. எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. மனுசனுக்குச் செய்வதை அவர் பூனைக்கும் செய்தார். உச்சி முதல் வால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஐந்தருவிப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் விழும் சின்ன அருவியில் காட்டியிருக்கிறார்.

துண்டில் சுற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால், உள்ளே எலியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். “வாயில்லாத சீவன இப்படியா அண்ணாச்சி செய்வீங்க!” என்று கத்தியே விட்டேன், கட்டிடக்காரர் என்றும் பார்க்கவில்லை. அவருக்கு அது காதிலேயே விழவில்லை. கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “பெர்சியா தண்ணியில கரைஞ்சுபோச்சு. நீங்க சாவியக் குடுத்துருங்கம்மா.”

ஊதின காற்று

சாவிக்கு முன்னால் பூனை என்று சொல்லிவிட்டு, வெந்நீரில் ஷாம்பு போட்டு எண்ணெய் போகும் மட்டும் அலசினேன். ஹேர் டிரையரை எடுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெகுநேரம் முடி ஒட்டியபடியே கிடந்தது. புனலூர்க்காரரின் பேச்சு நினைவுக்கு வந்தது. நாட்டுப் பூனையை என் தலையில் கட்டிவிட்டாரோ? பிறகு கழுத்தில் ஒரு கொத்து எழுந்தது. அப்புறம் முதுகு, வால். கொஞ்ச நேரத்தில் பழைய வெள்ளை மூட்டையாகி, எங்கள் இரண்டு பேரையும் முறைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏட்டையா முடியை ஒரு கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையோடு வரவில்லை, சொந்த முடிதான். பூனையை மடியில் வாங்கிக்கொண்டு, “முதல்லயே ஈரான் பூனைன்னு சொல்லி வித்திருந்தா நான் சந்தேகமே பட்டிருக்க மாட்டேன்” என்று முணுமுணுத்தார். இதுதான் சமயம் என்று, ஒப்பந்தத்தை ஐந்து வருடத்துக்குப் போடலாமா அண்ணாச்சி என்று கேட்டேன். சிரித்தார், ஏட்டையா சிரித்து அன்றுதான் பார்த்தேன். “நாடே சொல்லாம கொள்ளாம பேர மாத்திக்கிடுது, உங்கள நம்பி அஞ்சு வருசமா? பதினோரு மாசம் போதும்மா.”

ஆக, பூனையும் மீனும் இல்லாத நாட்டின் பெயரில் காலமெல்லாம் நிம்மதியாக இருந்துவிடுகின்றன, இருக்கிற ஊரில் பிறந்து இருக்கிற ஊரிலேயே கடை வைத்திருக்கும் எனக்குத்தான் பதினோரு மாத விசா.