தூரத்து ஊரெல்லாம் ஒரே வேனில்

திலகவதிக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தால் சன்னல் கண்ணாடியில் விரலால் வழி போடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் ரசத்தால். கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவள். ஆரணியில் பலராமனின் பார்சல் சர்வீஸில் 2004-இல் சேர்ந்தாள். அங்கே மூன்று வேன்கள். ஊர் ஊராகப் போய்த் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் இறக்கிவிட்டு, நெய்த சேலைகளை ஏற்றிவர வேண்டும். ஒரே ரோட்டில் இரண்டு வேன் முன்னும் பின்னும் ஓடுவதைப் பார்த்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மூன்று வேனும் ஓடும் மொத்தத் தூரம் எப்படிப் போனால் மிகக் குறைவு என்று கணக்குப் போட்டாள். வழி கிடைத்தது, டீசல் செலவும் இறங்கியது. பலராமன் போகிற இடமெல்லாம் அவளைப் பற்றியே பேசினார்.

ஒரு மத்தியானம் டிரைவர் ஜெயவேலின் மனைவி அம்மணி ஆபீசுக்கு வந்து நின்றாள்.

“உங்க கம்ப்யூட்டருக்கு எங்க ஊட்டுக்காரர் மேல இன்னா கோவம் மேடம்? மத்தவங்க பொழுதோட வந்துடறாங்க. இவரு வரசொல்லோ பசங்க தூங்கிடுது. வண்டி ஓட்டிகினே கண்ணு சொக்குதாம். உங்களாண்ட சொல்ல மாட்டாரு.”

திலகவதி திட்டத்தைத் திறந்து பார்த்தாள். ஆளுக்கொரு திசையில் தூரத்தில் கிடக்கும் வெம்பாக்கமும் கலசப்பாக்கமும் ஜெயவேலின் வேனிலேயே விழுந்திருந்தன. கணக்கில் பிழையில்லை. மொத்தத்தைக் குறை என்றாள், குறைத்திருக்கிறது. யார் தலையில் என்று அவள் கேட்கவே இல்லை.

மறுபடி உட்கார்ந்தாள். மொத்தத் தூரத்தை விட்டுவிட்டு, மூவரில் அதிக நேரம் ஓட்டுகிறவரின் நேரம் எப்படிப் பிரித்தால் மிகக் குறையும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டாள். கலசப்பாக்கம் இன்னொரு டிரைவர் அருள்மணியின் வேனுக்கு மாறியது. தூரம் கொஞ்சம் கூடியது.

பலராமன் முகம் சுளித்தார். “டீசல் ஏறுதேம்மா. ஜெயவேல் ஒண்ணும் கேக்கலியே?”

“கேக்காதவர் மேலதான் சார் எல்லாம் விழுது. அவர் கண்ணசந்து வண்டிய எங்கனா விட்டா?”

அவர் டீசல் கணக்கை ஒருமுறை புரட்டினார். “சரி, ஓட்டிப் பாரு” என்றார் கடைசியில்.

ஜெயவேல் வெளிச்சத்தோடு வீடு திரும்பினான். அருள்மணிக்குத்தான் பேஜார், “நல்லா இருந்த பொழப்பக் கெடுத்துட்டீங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். பொங்கல்வரை அவளிடம் பேசவில்லை. திலகவதிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் திட்டத்தை மாற்றவில்லை.