வெறுந்தரை நேர்ச்சை

பொறை என்று ஒரு குணம் உண்டு. திருப்பி அடிக்க வல்லவன் கையை மடக்கிக்கொண்டால் அதைப் பொறை என்று உலகம் போற்றும். அடிக்க வழியே இல்லாதவள் வாய்மூடி இருந்தால் அதற்குக் கதியின்மை என்று பெயரிட்டு அப்பால் போய்விடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு நூலிழை அளவே. அந்த இழையைப் பிடித்தபடி பதினோர் ஆண்டு வாழ்ந்தவள் ஒருத்தி தாராவியில் இருக்கிறாள். பேராச்சி என்பது அவள் பெயர்.

தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் தௌஃபீக்கின் மெத்தைக் கடை. கீழே வியாபாரம், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பட்டறை. பஞ்சை உதறி, உறைக்குள் மேடுபள்ளம் இல்லாமல் பரப்பி, சாணளவு ஊசியால் மேலும் கீழும் இழுத்து முடிச்சிடுவது பேராச்சியின் வேலை. முப்பது ஆண்டாக அதையே செய்கிறாள். வயது ஐம்பத்தேழு. "எங்க மௌசி தைச்ச மெத்தையில கல்லைப் போட்டாலும் குறட்டை விடும்" என்று, அவளைச் சித்தி முறை வைத்து அழைக்கும் தௌஃபீக் வாடிக்கையாளரிடம் சொல்வான்.

அவ்வாறு ஊரை உறங்க வைத்தவள் வெறுந்தரையில்தான் படுப்பாள். பாய் இல்லை, தலையணை இல்லை. மடித்த கையே தலைக்கு உயரம். விரிப்பு ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்லி மகள் ஷாலினி கெஞ்சாத மழைக்காலம் இல்லை. ஆடி மழையில் அந்த வீட்டுக் கல்தரை வியர்க்கும். ஈரம் இடுப்பெலும்பு வரை ஏறும். பேராச்சி அசைய மாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. பதினோர் ஆண்டுக்கு முன், விடியற்காலைத் தண்ணீர் வரும் நேரத்தில், குழாயில் மோட்டார் பொருத்துவதைப் பற்றி எழுந்த சண்டையில், அவள் மகன் மாரிசெல்வத்தின் தலையில் இரும்புக் குழாயால் ஓங்கி அடித்தான் அடுத்த வீட்டுச் சுடலைக்கண்ணன். மூன்றாம் நாள் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. மாரிசெல்வத்துக்கு அப்போது இருபத்துநான்கு வயது. சுடலைக்கண்ணன் வேற்றாள் அல்லன். ஒரே ஊர், ஒரே சாமி. பேராச்சியை "அக்கா" என்று அழைத்து அவள் கையால் உண்டவன். ஆயுள் தண்டனை என்று நீதிபதி வாசித்தபோதும் கூண்டுக்குள்ளிருந்து திரும்பி, "அக்கா" என்றுதான் சொன்னான். பேராச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை சந்தின் மாரியம்மன் முன் ஈரச்சேலையோடு நின்று அவள் நேர்ந்துகொண்டாள்: "தாயே, அவன் வெறுந்தரையில கிடக்குத நாள் வரைக்கும் நானும் வெறுந்தரையில கிடப்பேன்." பகைவன் கைகால் விளங்காமல் போக வேண்டும் என்று நேர்வோர் உண்டு. இப்படி நேர்ந்தவரை அச்சந்து கண்டதில்லை. ஆனால் அவள் கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. மதிலுக்குள் போனவனை என்ன செய்கிறார்கள் என்று அவளுக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? தன் முதுகுதான் சொல்ல வேண்டும். ஈரம் எலும்பில் ஊறும்போது, 'இந்நேரம் அவனுக்கும் ஊறும்' என்று நினைப்பாள். மகனுக்காகத் தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றே என்று நம்பினாள்.

நேர்ச்சையில் ஒரு பிழை இருந்தது. 'நான் சாகும் வரை' என்று சொல்லியிருக்கலாம். 'அவன் கிடக்கும் வரை' என்று சொல்லிவிட்டாள். ஆயுள் என்றால் ஆயுள்தானே. அவன் படுக்கை மாறும் என்று அன்று யார் கண்டார்?

சென்ற ஆனி மாதம் ஒருநாள் தௌஃபீக் ஏணியில் பாதி ஏறி நின்று அளவுச்சீட்டை நீட்டினான்.

"மௌசி, அர்ஜெண்ட். ரெண்டரை அடிக்கு ஆறடி. கனம் ரெண்டு இஞ்சுக்கு மேல போகக்கூடாது. கூட ஒரு தலகாணி. ஓரத்தை மட்டும் பிரிச்சுத் திரும்பக் கட்டுற மாதிரி விட்டுத் தையுங்க."

"மெத்தையை எதுக்குப் பிரிக்கணும்? உள்ள பொன்னா வைக்கப் போறோம்?"

"ஜெயிலுக்குப் போற சாமான். கேட்ல பிரிச்சுப் பார்ப்பாங்க. வேற கடையில தைச்சதை ரெண்டு தரம் திருப்பிட்டாங்களாம்."

பேராச்சியின் கை ஒரு கணம் நின்றது, மீண்டும் ஓடியது. பம்பாயில் சிறைக்குப் போனவர் ஆயிரம் பேர். ஆயிரத்தில் ஒருவனை ஏன் நினைக்க வேண்டும்?

மறுநாள் தலையணை உறைத் துணியோடு ஏணியேறி வந்தவள் முப்பிடாதி, சுடலைக்கண்ணனின் மனைவி. கொலைக்குப் பின் சந்தை விட்டுப் போய்க் கல்யாணில் தம்பி வீட்டில் ஒதுங்கியவள். மெத்தை மேல் குனிந்திருந்த முகம் நிமிர்ந்ததும் அவள் ஏணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி" என்றாள். பதினோர் ஆண்டில் முதல் சொல்.

பேராச்சி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"சத்தியமாத் தெரியாது மதினி. வக்கீலாபீசுல இந்தக் கடையைச் சொன்னாவ. நீங்க இங்கதான் இருக்கியன்னு தெரிஞ்சா இந்தத் தெருவையே மிதிச்சிருக்க மாட்டேன்."

"யாருக்கு மெத்தை?" தெரிந்தே கேட்டாள் பேராச்சி.

"அம்பது வயசு தாண்டினவங்க வீட்டுலயிருந்து மெத்தை, தலகாணி வாங்கி வச்சுக்கிடலாம்னு உத்தரவு வந்திருக்கு. அவுகளுக்கு இப்ப அம்பத்திரண்டு."

"எம்புள்ளைக்கு இருபத்திநாலு."

முப்பிடாதி ஏணியின் மேற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடைச்சு வைக்கதுதான் தண்டனை, இடுப்பை ஒடிக்கது தண்டனை இல்லன்னு வக்கீல் சொல்லுதாரு. எனக்கு நியாயம் தெரியல மதினி. ஜெயில்ல மனுப் போட்டுப் பாக்கப் போனா கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு நிக்காவ. கால் ஊணலை. அதைப் பாத்துட்டு வந்து நான் எப்படிச் சோறு திங்க?"

பேராச்சிக்கு ஒரு நொடி உள்ளே ஏதோ நிறைந்தது. கால் ஊன்றவில்லை! தன் முதுகு பொய் சொல்லவில்லை என்ற நிறைவு அது. அடுத்த நொடியே அந்த நிறைவு அவளை அருவருக்கச் செய்தது.

மேலே நடந்த பேச்சு காதில் விழுந்து ஓடிவந்தான் தௌஃபீக். "யா அல்லா! மௌசி, எந்திரிங்க. நான் வேற ஆள வச்சு முடிச்சுக்கிறேன். இல்ல, ஆர்டரே வேணாம்."

"விடுங்க பாய். பாதி தைச்சாச்சு. வேற கை தைச்சா அவன் எதுல கிடக்கான்னு எனக்குத் தெரியாமப் போயிரும்."

அவள் சொன்னதன் பொருள் தௌஃபீக்குக்கு விளங்கவில்லை. முப்பிடாதிக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையணை உறையை வைத்துவிட்டு ஓசையில்லாமல் இறங்கிப் போனாள்.

ஷாலினி செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலையில் இருப்பவள். மாலையில் வீடு திரும்பி இதைக் கேட்டதும் கைப்பையை வீசி எறிந்தாள்.

"உள்ள டிவி இருக்கு. கேன்டீன் இருக்கு. வீட்டுக்கு போன் பேசலாம். இப்ப மெத்தை. அடுத்து என்ன, ஏ.சி.யா? நம்ம அண்ணனுக்கு என்னம்மா குடுத்தாங்க? ஒரு போஸ்ட்மார்ட்டம் சீட்டு! அதையும் நாலு நாள் அலையவிட்டுக் குடுத்தாங்க. அதுக்கு மேல நீ உட்கார்ந்து அவனுக்கு மெத்தை தைக்கிற. பாகல் ஹோ கயீ க்யா? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"சத்தம் போடாதட்டி."

அவள் அடங்கவில்லை. வழக்கை நடத்திய அரசு வக்கீலுக்கு அப்போதே போன் செய்தாள். நெடுநேரம் "ஹாங் சார், ஹாங் சார்" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

"பரோல்ல வெளிய விடணும்னாதான் நம்மகிட்டக் கேப்பாங்களாம். மெத்தைக்குக் கேக்க மாட்டாங்களாம். நாம ஆட்சேபணை எழுதினாலும் ஃபைல்லதான் கிடக்குமாம்."

"கேட்டாத்தான் நான் என்ன சொல்லியிருப்பேன்?"

"வேண்டாம்னு சொல்லியிருப்ப!"

"தெரியலட்டி" என்றாள் பேராச்சி. ஷாலினி தாயை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது, முகம் மலர்ந்தது. "ஆனா பாரு, அவனுக்கு மெத்தை போயிட்டா உன் நேர்ச்சை தீர்ந்துரும். நீயும் மனுஷி மாதிரி படுக்கலாம்."

ஆறுதலாகச் சொன்ன சொல்தான். பேராச்சிக்கு அது தன் மகனை இரண்டாம் முறை பாடையில் வைத்தது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகல். தௌஃபீக் தொழுகைக்குப் போயிருந்தான். மற்றத் தையற்காரிகள் உணவுக்கு இறங்கிவிட்டார்கள். கடைசி மூலையை மூடும்போது பேராச்சியின் ஊசி சடக்கென்று ஒடிந்தது. இழுத்துப் பார்த்தால் கையில் வந்தது பின்பாதி. நுனி பஞ்சுக்குள் போய்விட்டது.

அப்பட்டறையில் தௌஃபீக்கின் தகப்பனார் காலத்திலிருந்து ஒரு சட்டம் உண்டு. ஒடிந்த ஊசியின் இரு துண்டுகளும் பொருந்திக் காணும்வரை மெத்தையை மூடக்கூடாது. பஞ்சு முழுவதையும் கொட்டிக் கிளறினாலும் சரி, அன்றைய வேலை கெட்டாலும் சரி.

பேராச்சி கையிலிருந்த பாதி ஊசியைப் பார்த்தாள். மூடிவிட்டால்? சிறைவாயிலில் இரும்பைக் காட்டும் கருவி கூவும். உள்ளே கூரிரும்பு கிடைக்கும். மெத்தை போகும், சலுகை போகும், சுடலைக்கண்ணன் தரைக்குத் திரும்புவான். முப்பிடாதியைக் கூட்டி வைத்து விசாரிப்பார்கள். மனுப் பார்ப்பதையும் நிறுத்துவார்கள். ஊசி ஒடிவது எந்தக் கையிலும் நடப்பதுதான். இவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பதினோர் ஆண்டில் முதல்முறையாக அவள் கைக்கு ஒரு வல்லமை வந்திருந்தது, விரலளவு இரும்பாக.

வேறோர் ஊசி எடுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டாவது முடிச்சும் போட்டாள்.

மூன்றாவதற்கு ஊசியைக் குத்த வேண்டியவளின் இடக்கை தானாகவே உறைக்குள் நுழைந்து பஞ்சைத் தடவத் தொடங்கியது. வெளியே இழுத்தாள். மீண்டும் போனது. முப்பது ஆண்டுப் பழக்கம் அவள் சொல்லைக் கேட்கவில்லை. மகனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், சீற்றம் வரட்டும் என்று. முகமும் வந்தது, சீற்றமும் வந்தது, கை நிற்கவில்லை. "சனியன் பிடிச்ச கையே" என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டியபடியே போட்ட முடிச்சுகளை அவிழ்த்தாள். பஞ்சைக் குத்துக் குத்தாக அள்ளி மடியில் வைத்துப் பிரித்தாள். அழுகையில் பஞ்சு கன்னத்தில் ஒட்டியது. ஒன்றரை மணி நேரம் கழித்து, பெருவிரலில் சுருக்கென்று ஏறியது நுனி.

தொழுகை முடிந்து வந்த தௌஃபீக், பட்டறை முழுதும் பஞ்சாகவும் நடுவில் இவள் இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டான். "ஜெயில் மெத்தையா மௌசி?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் உட்கார்ந்து பஞ்சை அள்ளிக் கொடுத்தான். இதைப் பொறை என்று யாரேனும் அப்போது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

பத்து நாள் கழித்துக் கடைத் தொலைபேசிக்கு முப்பிடாதி பேசினாள். தௌஃபீக் தயங்கித் தயங்கிக் கருவியைப் பேராச்சியிடம் நீட்டினான்.

"கேட்ல பிரிச்சுப் பாத்துட்டு உள்ள விட்டுட்டாவ மதினி. திங்கக்கிழமையிலயிருந்து அதுலதான் படுக்காவ. உங்க கைத் தையல்னு சொல்லிட்டேன். மறைக்க முடியல. 'அக்கா உறங்குதாளா'ன்னு மட்டும் கேட்டாவ."

பேராச்சி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அன்று மாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். நேர்ச்சையை மாற்றிக்கொள்ள இடமுண்டா, 'நான் சாகும் வரை' என்று திருத்திக்கொள்ளலாமா என்று பூசாரியிடம் கேட்டாள். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "சொன்ன சொல்லு சொன்னதுதான் தாயி. அவன் மெத்தையில படுத்த அன்னைக்கே உன் நேர்ச்சை நிறைஞ்சிட்டு. நிறைஞ்சதுக்கு மேலயும் தரையில கிடந்தா அது அம்மனுக்கில்ல, உனக்கு."

வீட்டுக்கு வந்தபோது மெத்தை அவளுக்கு முன்பே வந்திருந்தது. ஷாலினி சொல்லித் தௌஃபீக் அனுப்பியது, சிறை மெத்தைக்குப் பிரித்த பொதியில் மிஞ்சிய பஞ்சைக் கொண்டு வேறொருத்தி தைத்தது. காசு வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தான். ஷாலினி தரையைத் துடைத்து, மெத்தையை விரித்து, தலையணைக்குப் புதிய உறை போட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

பேராச்சி நெடுநேரம் நின்றாள். பிறகு, வேற்றார் வீட்டில் உட்காருபவளைப் போல் ஓரத்தில் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தாள். இடுப்பு முதலில் நம்பவில்லை, பிறகு இளகியது. அந்த இளக்கம் அவளை அச்சுறுத்தியது. முதுகு இனி ஒன்றும் சொல்லாது. மதிலுக்குள் அவன் நோகிறானா, உறங்குகிறானா, என்றேனும் மாரிசெல்வத்தை நினைக்கிறானா என்று இனி இவளுக்குச் சேதி கொண்டுவர எதுவும் இல்லை. ஒரே பஞ்சில் இருவரும் கிடக்கிறார்கள், அவ்வளவே.

"மெத்துன்னு இருக்காம்மா?" என்றாள் ஷாலினி.

"இருக்குட்டி."

"தூங்கு."

கண்ணை மூடினாள். வலக்கை மட்டும் மெத்தையின் ஓரம் கடந்து இறங்கி, குளிர்ந்த கல்லின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டது. அதை எடுத்து மேலே வைக்க ஷாலினி நீட்டிய கையைப் பாதியில் மடக்கிக்கொண்டாள்.

கேட்கப்படாத வாய்களின் சொல்லையும் கேட்கும் அந்த மாரியம்மன், இவ்வில்லத்தைத் தன் நிழலில் வைத்திருப்பாளாக. இதன் கூரை மழைக்கு ஒழுகாதிருக்க. தரை எவர் எலும்பையும் வருத்தாதிருக்க. ஷாலினிக்கு நல்வாழ்வு கிட்ட. போனவன் பெயர் இவ்வீட்டில் அழியாதிருக்க. இங்கே தலைசாய்ப்பவர் எல்லார்க்கும் இரவுதோறும் உறக்கம் வந்து அமர்க.