சனிக்கிழமைப் பழம்

நடந்தது இவ்வளவுதான்:

1. புக்கிட் செலம்பாவ் வளைவில் தம்பியின் மோட்டார் சைக்கிள் ஒரு லோரியில் மோதியது.
2. அவன் பிழைத்தால், சனிக்கிழமைதோறும் அதே வளைவில் ஆஞ்சநேயரின் பிள்ளைகளுக்குப் பழம் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார்.
3. தம்பி பிழைத்தான்.
4. பழம் வைத்தோம்.

போன சனிக்கிழமை போனபோது, முந்தைய வாரத்து இரண்டு வாழைச் சீப்பும் காம்போடு கறுத்து அங்கேயே கிடந்தன. புளித்த வாடை. முன்பெல்லாம் மோட்டார் கூடையிலிருந்து அந்தப் பழ மணம் வழி முழுக்க என்னோடு வரும். பசியெடுக்கும். சாமிக்கு வைத்ததைத் தின்னக் கூடாதென்று எச்சிலை விழுங்கிக்கொண்டே ஓட்டுவேன்.

வளைவுக்கு எதிர்ப்பக்கம் காட்டு மரங்கள். குரங்குகள் அங்கேதான் இருந்தன. நாங்கள் வைத்தது இந்தப் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில். காரணம், அங்கே மோட்டார் நிறுத்த இடமில்லை.

பக்கத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் சிரிப்பார். "யக்கா, உங்க மோட்டார் சத்தம் கேட்டாலே ஓடி வந்துருதுங்க லா! நான் கத்துனாகூட எம் புள்ளைங்க வர்றதில்ல."

அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

முதலில் அடிபட்டது குட்டியை வயிற்றோடு அணைத்திருந்த ஒரு தாய். "லோரிக்காரன் பிரேக் போட்டான்கா, இது குறுக்க வந்துருச்சு" என்றார் அண்ணன்.

"அவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? சாமி புள்ளடா அது!" அம்மா அழுதார். வீடு திரும்பும்போது பின்னாலிருந்து சொன்னார்: "அடுத்த வாரம் ரெண்டு சீப்பா வச்சிருவோம்மா."

வைத்தோம். இன்னும் நிறைய வந்தன, ரோட்டைத் தாண்டி.

குருண் ஊரில் ஒரு தொழிற்சாலையில், பொருள் ஏன் பழுதாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. காய்கறி வாங்கப் போனாலும் வரிசை எண் போடுகிறவள் என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு இது விளங்காமல் இல்லை. குரங்கு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். செத்த தாயின் இடத்துக்கு இன்னொன்று வளர்ந்து வர வருஷங்கள் ஆகும். லோரிகள் தினமும் வருகின்றன. கூட்டம் கண்ணெதிரே சுருங்கியது. பழம் வைப்பதை நிறுத்தச் சொன்னால், மகன் உயிருக்கு என்ன ஆகுமோ என்று அம்மா நடுங்குவார். அதனால் வாயைத் திறக்கவில்லை.

இன்றைய நிலவரம்: தம்பி நலம். வளைவில் குரங்குகள் இல்லை. அவை நல்ல இடம் தேடிப் போய்விட்டதாக அம்மா சொல்கிறார். நாளை சனிக்கிழமை. பழம் வாங்கியாயிற்று. மோட்டார் ஓட்டப்போவது நான்தான்.