தெருவில் ஒரே மஞ்சள் வீடு

துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லாமே தகர வீடுகள். பல தேசத்துச் சனங்கள் பிழைக்க வந்து ஒண்டிய இடம். கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்தான் வீடுகளுக்கும். கதவிலக்கம் கிடையாது, பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் வீட்டின் நிறத்தைத்தான் அடையாளம் சொல்வார்கள்.

அங்கே குடியிருந்த கப்பல் பெயிண்டர் ஒருவரும் தன் இருபத்தைந்து வயதில், சிறுவனாக ஊரில் விட்டுவந்த தம்பிக்கு அப்படித்தான் எழுதினார். "இறங்கினதும் நேரா வந்துடு. மஞ்சள் வீடு. தெருவுல ஒண்ணே ஒண்ணுதான்."

எழுதியவர் சும்மா இருந்திருக்கலாம். ஒரு கப்பலில் நல்ல பச்சை மிஞ்சியது. தம்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டுமே என்று அடித்துவிட்டார். பாசம் கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்ல?

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவரிடம், முந்தின வாரம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். "காலைல ஒருத்தன் பெட்டியும் கையுமா மஞ்சள் வீட்டைக் கேட்டான். இந்தத் தெருவுல அப்படி எதுவும் இல்லையேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. துறைமுகம் முழுக்கத் தேடினார். அவள் சொன்ன சாயலில் ஒருவன் ஏதோ கப்பலில் வேலைக்கு ஏறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

மறுநாளே காசு கொடுத்து மஞ்சள் வாங்கி அடித்தார். பிறகு அந்த எதிர்வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டார். வளர்ந்த தம்பியின் முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதானே!

வருடம் தவறாமல் மஞ்சள் அடித்தார். நாற்பத்தைந்து வருடம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அந்த வீட்டின் முன் நின்று படம் எடுக்க ஆரம்பித்தார்கள். நகராட்சிக்குத் திடீரென்று அழகின் மேல் ஆசை வந்து, போன வாரம் தெரு முழுக்க மஞ்சள் அடித்துவிட்டது.

பெரியவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

"இனிமேலா வரப்போறாரு? உள்ள வாங்க," என்றாள் மனைவி.

"வந்தா எந்தக் கதவைத் தட்டுவான்? என்னைப் பார்த்தாவது கண்டுபிடிக்கட்டும்."

"தலையில ஒரு முடி இல்ல. உங்களை எப்படித் தெரியும் அவருக்கு?"

பெரியவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "உனக்கு அவனைத் தெரியும்ல? நீ பார்த்திருக்கியே."

அவள் பார்த்தது அரை நிமிடம். முகம் என்றைக்கோ மறந்துபோயிற்று. அதை இத்தனை வருடமாக அவரிடம் சொன்னதில்லை.

உள்ளே போய் இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.