குடைக்கு விழுந்த ஓட்டு

தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வேலுத்தாய் தனியாக இருக்கிறாள். மலையோர சோஷலிஸ்ட் கட்சிக்கு அங்கே மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவள்தான்.

ஒரு காலத்தில் பஞ்சாயத்தே அந்தக் கட்சியின் கையில் இருந்தது. சின்னம் குடை. கொழுந்து கிள்ளும்போதுகூட "குடைக்குப் போடுங்க" என்று அவள் சொல்லிச் சொல்லி லயமே அதை மனப்பாடம் செய்திருந்தது. பிறகு தலைவர்கள் பதவிக்கு அடித்துக்கொண்டு கட்சியை உடைத்தார்கள். பிரிந்து போனவர்கள் குடையையும் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பின் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு தேய்ந்தது. மிஞ்சியவர்களுக்கு இந்த முறை கிடைத்த சின்னம் அலமாரி.

வேலுத்தாய் வீடு வீடாகப் போனாள். "குடை இப்ப நம்ம சின்னம் இல்ல தாயி. அலமாரியப் பாத்து அமுத்துங்க." தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

ஓட்டுப் பதிவன்று மெஷின் முன்னால் நின்றாள். விரல் தானாகக் குடைக்குப் போய்விட்டது. பீப் சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது.

எண்ணிக்கை முடிந்த சாயங்காலம் வேட்பாளர் பாண்டி போன் செய்தான். மூணாறில் ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்கு ஓட்டு வேறு பூத்தில்.

"யக்கா, ஒங்க பூத்துல நமக்கு ஒண்ணுகூட விழல. நீங்க ஓட்டுப் போடப் போவலியா?"

"காய்ச்சல் தம்பி. எந்திரிக்க முடியல."

"ஒடம்பப் பாத்துக்கிடுங்கக்கா. நீங்க இருந்தாத்தான் அங்க கட்சி."

மை வைத்த விரலை வேலுத்தாய் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். பார்க்க அந்த வீட்டில் யாருமில்லை.